வாங்குவதற்கு முன் ஒரு எலுமிச்சம்பழம்

"விழுந்தா எந்தப் பக்கம் விழுவ, தம்பி?"

என் பைக்கின் பின்சீட்டில் முதல்முறை ஏறி உட்கார்ந்து, தோளில் கை வைத்து, அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் வெளியே கிளம்புகிறவனைப் பார்த்து 'எங்கே போறே' என்று கேட்டாலே முகம் சுளிப்பார்கள். இந்த மனிதர் வண்டி நகர்வதற்குள் விழுகிற பேச்சை எடுக்கிறார். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்ட எரிச்சல் வேறு. "இடது பக்கந்தாண்ணே. எதுக்குக் கேக்குறீங்க?" என்றேன்.

"சும்மாதாம்பா. தெரிஞ்சிருந்தா நான் வலது பக்கமா குதிக்கலாமில்ல?"

சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அதன்பிறகு கம்பெனி வாசல் வரை அவர் பேச்சில் பயம் என்பதே இல்லை. ராகி களி, மழை, எதிரே போன ரோஜாப்பூ வேன் என்று எதையெதையோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார். கெட்டதை முதலில் கேட்டு முடித்துவிட்டால் மிச்சமெல்லாம் நல்லதுதான் என்பது அவர் கணக்கு. அது எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு காம்பவுண்டுக்குள் நாங்கள் குடியிருந்தோம். கீழே என் அறை, மாடியில் அவர் அறை. அவருக்கு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. தளி ரோட்டில் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனியில் அவருக்கு வேலை. அதைத் தாண்டித்தான் என் ஃபேக்டரி. "போற வழிதானே நாயனா, ஏத்திக்கிட்டுப் போயேன்" என்று தெலுங்கு பேசுகிற வீட்டுக்கார அம்மா சொன்னார். வாடகை பாக்கி வைத்திருந்தவன் எப்படி மறுப்பது? அப்படி ஆரம்பித்ததுதான் வருஷக்கணக்கில் நீண்டது. அவருடைய இடது கை என் இடது தோளில் இருக்கும். சட்டையில் அந்த இடம் மட்டும் சீக்கிரம் வெளுத்துப்போகும்.

கடைக்காரர்கள் அவரைக் கண்டால் அலறுவார்கள். சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கப்போனால் முதலில் அதைத் தரையில் போடுவார். மூடி திறந்துகொண்டால் வாங்கமாட்டார். குக்கர் வாங்கும்போது, எத்தனை விசிலில் பருப்பு வேகும் என்று ஊரே கேட்கும். இவர், "விசில் வரலன்னா என்னா ஆவும்?" என்று கேட்பார். ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், இப்படி ஒரு ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று ஆசையாக மாடியேறிப் போனார். "நான் செத்தா பணம் வரும், சரி. நீங்க கம்பெனி மாறிட்டா யாரு வந்து குடுப்பாங்க?" என்று இவர் கேட்டதும் இறங்கி வந்துவிட்டார். அடுக்களையிலிருந்து ஆகாசம் வரை எதைக் காட்டினாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: "ஓடறத விடு. நின்னா என்னா ஆவும்?"

வேலையிலும் அப்படித்தான். துளை போட்ட உதிரிபாகம் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு முனையுள்ள ஒரு கேஜ் உண்டு. ஒரு முனை துளைக்குள் போகவேண்டும், மறுமுனை போகக்கூடாது. எல்லாரும் போகவேண்டிய முனையை முதலில் விட்டுப் பார்ப்பார்கள். இவர் போகக்கூடாத முனையிலிருந்துதான் தொடங்குவார். ஒற்றைக் கையால் கேஜைச் சுழற்றி அவர் வேலை செய்வதை ஒருநாள் வாசலில் காத்திருந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாய் தெலுங்கில் எண்ணிக்கொண்டிருந்தது. எண்ணுவது தெலுங்கில், திட்டுவது கன்னடத்தில், மற்றதெல்லாம் தமிழில். அவர் ஊர் ஜவளகிரி, காட்டை ஒட்டிய கிராமம். அங்கே குழந்தைகள் மூன்று மொழியிலும் அழும் என்பார்.

எனக்குப் பெண் பார்க்கப் போனபோது அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். என் அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்கள். பெண் வீடு காவேரிப்பட்டணம். கேசரி, காபி எல்லாம் ஆகி, பெரியவர்கள் திருப்தியாகச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர் தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது. சண்ட வந்தா பொண்ணு என்னா பண்ணும்?"

என் அம்மா என்னை முறைத்த முறைப்பில் நான் பாதியாகிவிட்டேன். பெண்ணின் அப்பா வாயைத் திறப்பதற்குள் உள் அறையிலிருந்து பதில் வந்தது.

"பேசமாட்டேன். ஆனா சோறு மட்டும் போட்டுடுவேன்."

இவர் முகம் மலர்ந்துவிட்டது. வழியெல்லாம் என் முதுகில் தட்டிக்கொண்டு வந்தார். "கட்டிக்கடா. விழறப்ப எப்பிடி விழும்னு இதுக்குத் தெரிஞ்சிருக்குது" என்றார். கட்டிக்கொண்டேன். அவள் அன்று சொன்னபடியே இன்றுவரை நடந்துகொள்கிறாள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கை போன கதையை அவராக ஒரே ஒருமுறை சொன்னார். மழைக்கு ஒரு பாலத்தடியில் ஒதுங்கி நின்றிருந்தோம். நான் கேட்கவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பிரஸ் மெஷின்ல ரெண்டு பட்டன் இருக்கும் தம்பி. ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல அமுத்தினாத்தான் மேல இருக்கறது எறங்கும். கை ரெண்டும் வெளிய இருக்கணும்னுதான் அப்பிடி வச்சிருக்கான். நாங்க என்னா பண்ணுவோம்? பீஸ் கணக்குல கூலி. ஒரு பட்டன்ல குச்சி சொருவி துணியச் சுத்திடுவோம். ஒரு கை பட்டன்ல, ஒரு கை பீஸ் எடுக்கறதுக்கு. வேகமா ஓடும். நான் கட்டினதுதான் அந்தக் குச்சி. எவ்ளோ வேகமா ஓடும்னு கணக்குப் போட்டேன். நிக்கலன்னா என்னா ஆவும்னு ஒரு நாளும் கேக்கல."

மழை விட்டதும், "போலாமா?" என்றார். அதற்குப் பிறகு அவர் கேள்விகளை நான் ஒருநாளும் கிண்டல் செய்யவில்லை என்று எழுத ஆசைதான். செய்தேன். அவரும் அதை விரும்பினார்.

எங்கள் கம்பெனி கிருஷ்ணகிரிப் பக்கம் புது பிளான்ட் திறந்தது. மாற்றலாகிப் போகிறவர்களில் நானும் ஒருவன். அதை அவரிடம் வண்டியில் போகும்போதே சொன்னேன், முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல். தோளில் இருந்த கை அசையவில்லை. அவருடைய கம்பெனி வாசலில் இறங்கியவர் உடனே உள்ளே போகவில்லை.

"நீ வரலன்னா என்னா ஆவும்?" என்று கேட்டார். முதல்முறையாக அந்தக் கேள்வியை அவர் தனக்கே கேட்டுக்கொண்டார். பதில் இருவருக்கும் தெரிந்திருந்தது. அவருடைய ஷிஃப்ட் நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. ஷேர் ஆட்டோ பாதி தூரம்தான் வரும். தினம் ஒருவரிடம் லிஃப்ட் கேட்டால் இன்றைக்கு ஏற்றுகிறவன் நாளைக்கு லீவு போடுவான். பக்கவாட்டில் சக்கரம் வைத்த ஸ்கூட்டரை இரவல் வாங்கி ஏற்கெனவே ஓட்டிப் பார்த்திருந்தார். வளைக்க, முறுக்க, நிறுத்த, ஹாரன் அடிக்க எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கை. "ஒரே ஆளு நாலு வேல பாத்தா ஒண்ணாவது கெட்டுப்போவும்" என்று தெருமுனையிலிருந்தே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

ஜவளகிரியிலிருந்து அவருடைய அண்ணன் போன் செய்தார். வந்துவிடு, ராகிக்கொல்லையில் யானைக் காவலுக்குப் பரண்மேல் உட்கார்ந்துகொள்ளலாம் என்று பாசமாகத்தான் கூப்பிட்டார். போனை வைத்துவிட்டு இவர் சிரித்தார்.

"ஒரு கையில டார்ச் அடிக்கலாம். டப்பா தட்டறதுக்கு இன்னொரு கை வேணுமே தம்பி. யானகிட்ட போய் இருடா சாமின்னு சொல்ல முடியுமா?"

சிரித்தார் என்றாலும் எனக்கு அது தாங்கவில்லை. தன் சம்பாத்தியத்தில், தன் அறையில் இருக்கிற மனிதர். அண்ணன் வீட்டுச் சோற்றுக்குப் போய்விட்டால் அதோடு முடிந்தது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏதோ வேலையாக அத்திப்பள்ளி வரை போயிருந்தோம். சர்வீஸ் ரோட்டில் எங்களைத் தாண்டி ஒரு ஆள் போனான். ஹெல்மெட் போட்டு, நெட்டுக்குத்தலாக நின்றுகொண்டு, தரையில் வழுக்குவது போலப் போனான். இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரே ஒரு சக்கரம். ஹேண்டில் இல்லை, சீட் இல்லை. என் தோளில் இருந்த கை இறுகியது.

"நிறுத்து, நிறுத்து. அவன் கை எங்க?"

"பேன்ட் பாக்கெட்லண்ணே."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

தலையை நீட்டி அவன் போவதையே பார்த்தார். பிறகு, "விடாத, புடி அவன" என்றார். சிக்னலில் பிடித்தோம். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை செய்கிறவனாம். முன்னால் சாய்ந்தால் ஓடும், பின்னால் சாய்ந்தால் நிற்கும், உள்ளே மோட்டாரும் பேட்டரியும் இருக்கின்றன என்று சொல்லி, பொம்மசந்திரா பக்கம் ஒரு கடை இருப்பதாக விலாசம் கொடுத்தான்.

அடுத்த ஞாயிறு கடைக்குப் போனோம். வழியில் ஒரு பூக்கடையில் நிறுத்தச் சொல்லி இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கோயிலுக்கோ என்று நினைத்தேன்.

கடைக்காரர் கன்னடக்காரர், உற்சாகமான ஆள். எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் அவரிடம் இரண்டு மாடல்கள்தான் இருந்தன. ஒன்று சின்னது: மெல்லிய சக்கரம், எடை குறைவு. இன்னொன்று பெரியது: தடித்த டயர், உள்ளே ஸ்பிரிங், பெரிய பேட்டரி, அதற்கேற்ற கனம். கடைக்காரர் வேகத்தைச் சொன்னார், எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று சொன்னார், கலர் கலராக எரிகிற விளக்கைப் போட்டுக் காட்டினார். இவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது இருக்கட்டும். ஓடறப்பவே கரன்ட் நின்னா என்னா ஆவும்?" என்று கன்னடத்தில் கேட்டார்.

கடைக்காரர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு மறைக்காமல் சொன்னார். "மூஞ்சி குப்புற விழுவீங்க சார். எந்த மாடலா இருந்தாலும் அதுதான். அதுக்கு முன்னாடி ரெண்டும் பீப் பீப்னு கத்தும். பெருசு கால்மிதிய பின்பக்கமா சாய்ச்சு உங்கள மெதுவாக்கவும் பாக்கும். கத்தறப்ப கேக்காம மேல மேல சாஞ்சா கடவுள் கூட ஒண்ணும் பண்ண முடியாது."

"இவன் நல்லவன்" என்று இவர் என்னிடம் தமிழில் சொன்னார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கடை வாசலில் சிமென்ட் தரையில் வைத்தார்.

கடைக்காரர் சிரித்தார். "சார், மொதல்ல வாங்குங்க. அப்பறம் பூஜ பண்ணி பழத்துமேல ஏத்தலாம்."

"ஊரே வாங்கினதுக்கு அப்பறம்தான் ஏத்துது. நான் வாங்கறதுக்கு முந்தி ஏத்திப் பாக்கறன். எங்க ரோட்ல இதவிடப் பெரிய கல்லு கெடக்குது. கொஞ்சம் ஏத்திக் காட்டுங்க."

இப்படி ஒரு சோதனையைக் கடைக்காரர் கண்டதில்லை போலிருக்கிறது. அவருக்கே ஆசை வந்துவிட்டது. சின்ன சக்கரத்தில் ஏறி, வட்டமடித்து, பழத்தை நோக்கி வந்தார். சக்கரம் பழத்தில் ஏறியது. பழம் நசுங்காமல் உருண்டது. கடைக்காரர் குதித்து நாலடி ஓடி நின்றுகொண்டார். வண்டி மட்டும் தனியாகப் போய்ச் சுவரில் முட்டி, படுத்துக்கொண்டு சுற்றியது. அடுத்து பெரியது. இரண்டாவது பழம் பச்சக்கென்று கூழானது. கடைக்காரர் முழங்கால் கொஞ்சம் மடங்கி நிமிர்ந்ததோடு சரி.

"பாத்தியா?" என்றார் இவர், தானே அதைச் செய்து வைத்தவர் மாதிரி.

ஆனால் இன்னொரு சோதனை பாக்கி இருந்தது. சின்னதை இடது கையால் தூக்கினார். கூடையைத் தூக்குவது போலத் தூக்கி, கடைப் படியில் ஏறி இறங்கினார். பெரியதைத் தூக்கினார். முழங்கால் உயரம் வந்தது, அதற்குமேல் வரவில்லை, கீழே வைத்துவிட்டார். இன்னொரு கை இருந்திருந்தால் தூக்கியிருப்பார். தரையில் தள்ளிக்கொண்டு போவதற்கு அதில் ஒரு கைப்பிடி இருந்தது, சூட்கேஸுக்கு இருக்குமே அது போல. ஆனால் படியேற அது உதவாது. அவருடைய அறையோ மாடியில்.

வாங்காமலே திரும்பினோம். பெங்களூர் ரோடு முழுக்க அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

அன்று எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே, "சின்னத வாங்கினா படியில சொகம், ரோட்ல பயம். பெருச வாங்கினா ரோட்ல சொகம், படியில கஷ்டம். வண்டியே வேணாம்னு வுட்டுடலாமான்னு இருக்குது" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை.

என் மனைவி குழம்பு ஊற்ற வந்தவள் கரண்டியோடு நின்றாள். "ஏண்ணா, படியில விழுந்தா தூக்கிவுட காம்பவுண்டுல இத்தன பேரு இருக்கறோம். ரோட்ல விழுந்தா யாரு இருக்கா?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பெண் பார்த்த அன்று மலர்ந்த அதே முகம். "அன்னைக்கே சொன்னனா இல்லையா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.

வண்டியை மாடிக்கே ஏற்றக்கூடாது, கீழேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அதற்கு வீட்டுக்கார அம்மாவின் சம்மதம் வேண்டும். மாடிப்படிக்குக் கீழே, மோட்டார் சுவிட்ச் பக்கத்தில் ஒரு மூலையைக் கேட்டுக் கைகட்டி... இல்லை, கையை மடக்கி நின்றார். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இடுப்பில் கைவைத்தார்.

"சார்ஜ் போடறப்ப வெடிச்சா என்னா ஆவும் நாயனா?"

நான் அவரைப் பார்த்தேன். அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. இத்தனை வருஷத்தில் அவருடைய கேள்வியை அவரிடமே திருப்பிக் கேட்ட முதல் ஆள் அந்த அம்மாதான். "நல்லா கேட்டீங்கம்மா" என்று உட்கார்ந்தே விட்டார். தெலுங்கில் வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் மாடிப்படி மூலை ரத்து ஆனது. வெளியே, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தகரம் போட்ட இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு வாளி மணல். ஆள் விழித்திருக்கும்போது மட்டும்தான் சார்ஜ், தூங்கப் போகுமுன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். இரண்டு பேரும் சம அளவு திருப்தியோடு எழுந்தார்கள்.

பணத்துக்கு என்ன செய்தார் என்று கேட்டால், கை போனதற்கு வந்த நஷ்டஈட்டில் கொஞ்சம் தொடாமல் வைத்திருந்தார். "கையோட காசு. கை செய்யவேண்டிய வேலைக்கே போவட்டும்" என்றார்.

பெரிய சக்கரம் வீட்டுக்கு வந்த அன்று வீட்டுக்கார அம்மா குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, அடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார். "ஒத்தச் சக்கரத்துக்கு ஒரே பழம். நம்ம வாழ்க்கையில பழம் மிச்சம் புடிக்கிற வண்டி இதுதான்" என்று நான் சொன்னேன். இவர் இன்னும் ஓட்டவே கற்கவில்லை என்பதால், பழத்தின்மேல் கையால் உருட்டி ஏற்றினோம்.

கற்றுக்கொண்ட கதை பெரிய கதை. குடியிருப்புக்குப் பின்னால் புல் முளைத்த காலி மனை. எந்த மனிதனும் முதலில் ஓட்டத்தான் கற்பான். இவர் முதலில் விழக் கற்றார். ஏறுவார், நகருமுன் குதிப்பார். நகர்ந்ததும் குதிப்பார். பக்கவாட்டில் சாய்ந்து புல்லில் உருளுவார். இல்லாத கையின் முனைக்குப் பழைய டியூபும் பஞ்சும் வைத்து என் மனைவி ஒரு உறை தைத்துக் கொடுத்திருந்தாள். விழுந்து எழுந்த இடத்திலிருந்து, "இது சரி. அடுத்தது வலது பக்கம்" என்பார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒவ்வொரு தடவையும் உயிர் போய் வந்தது. விழுகிற வகையெல்லாம் தீர்ந்த பிறகு ஒருநாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி, கையை எடுத்துவிட்டு, மனையின் அந்தக் கோடி வரை போனார். திரும்பத் தெரியாததால் அங்கேயே குதித்து நின்றார். நான் கத்திக்கொண்டு ஓடினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

நான் கிருஷ்ணகிரிக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் அவர் முதல்முறையாகத் தானே வேலைக்குப் போனார். நான் பைக்கில் பின்னாலேயே போனேன். ஹெல்மெட், முட்டிக்கு உறை, தோளில் சாப்பாட்டுப் பை. மெதுவாக, ஓரமாக. ஒரு பள்ளம் வந்தது, முழங்காலை மடக்கி இறங்கி ஏறினார். ஒரு நாய் துரத்தியது, கன்னடத்தில் திட்டினார், அது நின்றுவிட்டது. கம்பெனி வாசலில் இறங்கி, கைப்பிடியை இழுத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். என்னைத் திரும்பிப் பார்த்து, போ போ என்று தலையை ஆட்டினார். என் தோள் லேசாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

பிறகு ஒருமுறைதான் அவரைப் பார்த்தேன். இப்போது புனே பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாராம். போன் எண்ணும் மாறிவிட்டது. அடுத்த தெருவுக்கு ஏற்றிப்போக ஆளைத் தேடிக்கொண்டிருந்தவர் அவ்வளவு தூரம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டபோது, அங்கே போனதும் முதலில் யாரிடம் என்ன கேட்டிருப்பார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அந்த ஒருமுறையைச் சொல்லி முடிக்கிறேன். ஓசூரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு வந்தவன், அவர் ஓட்டுவதைப் பார்க்கலாமே என்று ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு அவருடைய கம்பெனி வாசலில் போய் நின்றேன். இளைத்து, நிமிர்ந்து, வேறு ஆளாக இருந்தார். இருவரும் சேர்ந்து கிளம்பினோம். அவர் முன்னால், நான் பின்னால். பாதி வழியில் என் பைக் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. பேச்சு சுவாரசியத்தில் பெட்ரோல் போட மறந்திருந்தேன். பங்க் வெகுதூரம்.

இறங்கித் தள்ளப் போனேன். அவர் வட்டமடித்துத் திரும்பி வந்தார்.

"ஏறி உக்காரு. நியூட்ரல்ல போடு."

"என்னண்ணே செய்யப்போறீங்க?"

"உக்காருன்னா உக்காரு. நான் சொல்லாம பிரேக்க மட்டும் தொடாத. இது பீப்னு கத்துச்சுன்னா கைய எடுத்துடுவேன். நீயா உருண்டு நின்னுக்கோ."

உட்கார்ந்தேன். பின்னாலிருந்து என் இடது தோளில், பழைய இடத்திலேயே, அந்தக் கை வந்து பதிந்தது. மெல்ல அழுத்தியது. பைக் நகர்ந்தது. தளி ரோட்டில் சாயங்கால வெயிலில் நான் சும்மா உட்கார்ந்திருக்க, அவர் என்னைத் தள்ளிக்கொண்டு போனார். எதிரே வந்தவர்கள் எல்லாம் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். அவருடைய கேள்விக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்னண்ணே, விழுந்தா எந்தப் பக்கம்னு கேக்கலையா?"

"அது ஓட்டறவன் கேக்கற கேள்வி இல்லப்பா. உக்காந்து போறவன் கேக்கறது. இப்ப நீதான் கேக்கணும்."

கேட்டேன்.

"இடது பக்கம்" என்றார் உடனே. பங்க் வரும்வரை என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.